மகனின் அவிசுவாசமும் வண்டிச் சாவியும்

கேள்வி:

நான் அயனாவரத்தில் வசிக்கும் பள்ளி ஆசிரியை. எங்கள் சபையின் ஞாயிறு பள்ளியில் 18 ஆண்டுகளாகக் கற்பித்துவருகிறேன். என் கணவர் சபைக் கமிட்டியில் இருக்கிறார். எங்கள் ஒரே மகனுக்கு வயது 20, பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். ஏழு மாதங்களாக ஆராதனைக்கு வருவதில்லை. கேட்டால், "எனக்கு நம்பிக்கை இல்லம்மா, நடிக்க முடியாது" என்கிறான். சென்ற ஆண்டு அவனுடைய நண்பன் ஒருவன் விபத்தில் அடிபட்டு, மூன்று நாள் மருத்துவமனையில் இருந்து இறந்துபோனான். வாலிபர்கள் எல்லாரும் உபவாசம் இருந்து ஜெபித்தார்கள். கோயிலுக்கு வரும்வரை வண்டி கிடையாது என்று என் கணவர் சாவியை வாங்கி வைத்துவிட்டார். நான் தினமும் காலையில் வாட்ஸ்அப்பில் அவனுக்கு வசனம் அனுப்புகிறேன். ஞாயிறு மதியம் அவனோடு பேசாமலே சாப்பாடு வைக்கிறேன். இது பிசாசின் கட்டு, ஜெபக் குழுவை அழைத்துவந்து தலையில் கை வைத்து ஜெபிக்க வேண்டும் என்று என் நாத்தனார் சொல்கிறார்.

இன்னொரு காரியம். எங்கள் வீட்டில் வேலை செய்யும் பெண் இந்து. காலையில் எங்கள் குடும்ப ஜெபத்தில் வந்து உட்காருவாள். இப்போது ஞானஸ்நானம் எடுக்க வேண்டும் என்று கேட்கிறாள். மகிழ்ச்சிதான். ஆனால் அவளுக்கு 20,000 ரூபாய் முன்பணம் கொடுத்திருக்கிறேன். அவள் மகளுடைய பள்ளிக் கட்டணமும் நான்தான் கட்டுகிறேன். அவள் ஆண்டவருக்காக வருகிறாளா, எனக்காக வருகிறாளா என்று தெரியவில்லை. எது வழிநடத்துதல், எது வற்புறுத்தல்? மகனுக்காக ஜெபிக்கிறேன் என்று அவனிடம் சொல்வதுகூடத் தவறா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

இரண்டு காரியங்களை எழுதியிருக்கிறீர்கள்; எனக்கு அவை ஒன்றாகவே தெரிகின்றன. வீட்டு வேலைக்கு வரும் பெண்ணைப் பற்றி நீங்கள் கேட்ட கேள்வி மிகவும் நேர்மையானது. முன்பணத்தையும் பள்ளிக் கட்டணத்தையும் நினைத்து, "இவள் ஆண்டவருக்காக வருகிறாளா, எனக்காக வருகிறாளா?" என்று உங்களையே கேட்டுக்கொண்டீர்கள். ஆனால் மகனைப் பற்றி அந்தக் கேள்வியை நீங்கள் எழுப்பவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் குளித்து, சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு, உங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து பாட்டும் பாடினால், அது ஆண்டவருக்காகவா, வண்டிச் சாவிக்காகவா? உங்களுக்கும் தெரியாது, உங்கள் கணவருக்கும் தெரியாது. கொஞ்ச நாளில் அவருக்கே தெரியாமல் போய்விடும் என்பதுதான் இதில் ஆபத்து. ஒருவருக்கு வேண்டிய ஒரு பொருளை நம் கையில் பிடித்துக்கொண்டு அவரிடம் விசுவாசத்தைப் பற்றிப் பேசும்போது, அவர் சொல்லும் "ஆம்" எதற்குச் சொன்ன "ஆம்" என்று பிரித்துப் பார்க்க முடியாது. ஆகவே, என்ன பேசலாம் என்பதற்கு முன்னால், கையில் என்ன வைத்திருக்கிறோம் என்பதைப் பார்க்க வேண்டும்.

உங்கள் மகனை நான் "அவர்" என்று எழுதுவதைக் கவனித்திருப்பீர்கள். தாய்க்கு அவன் என்றும் "அவன்"தான், அதில் குறையில்லை. ஆனால் 20 வயதானவர் ஓட்டுப் போடுகிறார், வங்கிக் கணக்கு வைத்திருக்கிறார். அரசியல் சாசனத்தின் 25ஆம் பிரிவு எல்லாருக்கும் தருகிற மனசாட்சிச் சுதந்திரம் அவருக்கும் உண்டு. வயது வந்த ஒருவரைப் பற்றித்தான் பேசுகிறோம் என்பது இந்தப் பதில் முழுவதும் என் நினைவில் இருக்க வேண்டும் என்பதற்காகவே அப்படி எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்தின் நடுவில், நண்பனின் சாவையும் வாலிபர்களின் உபவாசத்தையும் ஒரே வரியில் எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே வண்டிச் சாவிக்குப் போய்விட்டீர்கள். நான் அந்த இடத்தில் வெகுநேரம் நின்றேன். 19, 20 வயதுப் பிள்ளைகள் மூன்று நாள் சாப்பிடாமல், மருத்துவமனை வராந்தாவில் முழங்காலில் நின்று, பிழைத்துவிடுவான் என்று ஒருவருக்கொருவர் வாக்குத்தத்த வசனம் சொல்லிக்கொண்டு காத்திருந்திருக்கிறார்கள். பிறகு அந்தப் பையன் இறந்துபோனான். அதற்குப் பின் அவர்களிடம் யார், என்ன சொன்னார்கள்? "உங்கள் விசுவாசம் போதவில்லை" என்று யாராவது சொன்னார்களா? அல்லது யாருமே ஒன்றும் சொல்லாமல், அடுத்த வாரம் வழக்கம்போலக் கைதட்டிப் பாட்டுப் பாடத் தொடங்கிவிட்டார்களா? நடந்ததை நான் அறியேன். ஊகித்து யாரையும் குற்றப்படுத்தவும் விரும்பவில்லை. ஆனால் ஏழு மாதங்களில் உங்கள் வீட்டில் யாராவது அந்த நண்பனின் பெயரைச் சொல்லிப் பேசினீர்களா என்று மட்டும் கேட்கிறேன். இல்லையென்றால், கோயிலைப் பற்றிய பேச்சைக் கொஞ்சம் நிறுத்திவைத்து, அங்கிருந்து தொடங்குங்கள்.

இதைச் சொல்லும்போதே ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டியிருக்கிறது. "ஓ, துக்கத்தினால்தான் இப்படிப் பேசுகிறான், துக்கம் தீர்ந்தால் திரும்பி வந்துவிடுவான்" என்று முடிவுகட்டிக்கொண்டு போய் உட்காராதீர்கள். அதுவும் ஒருவகை வற்புறுத்தல்தான். அவர் சொல்வதை அவருடைய எண்ணமாக மதிக்காமல், நோயின் அறிகுறியாக மட்டும் பார்ப்பது. அவருடைய நம்பிக்கையின்மைக்கு அந்தச் சாவு காரணமாக இருக்கலாம், அவர் படித்தவை, யோசித்தவை காரணமாக இருக்கலாம், இரண்டுமாகவும் இருக்கலாம். "எதை நம்ப முடியவில்லை என்று சொல்லப்பா, நான் பதில் சொல்ல மாட்டேன், கேட்கிறேன்" என்று சொல்லி, சொன்னபடியே பதில் சொல்லாமல் கேட்க உங்களால் முடிந்தால், 18 ஆண்டுகள் ஞாயிறு பள்ளியில் கற்பித்ததைவிடக் கடினமான ஒரு வேலையைச் செய்தவர் ஆவீர்கள். எல்லாம் இழந்து துக்கத்தில் இருந்த யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் இரவும் பகலும் அவனோடு தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசாதிருந்தார்கள். அந்த ஏழு நாளும் நல்ல நண்பர்களாகத்தான் இருந்தார்கள். வாயைத் திறந்து விளக்கம் சொல்லத் தொடங்கிய பின்புதான் கெட்டுப்போனது. அவர்கள் தம்மைக் குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்று கடைசியில் கர்த்தரே சொல்கிறார்.

இந்தப் பாடத்தை நான் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டேன். ஆயராக அபிஷேகம் பெற்ற புதிதில், மரணப்படுக்கையில் இருந்த ஒரு பெரியவரைப் பார்க்கப் போனேன். சபையை விட்டு விலகியிருந்த அவருடைய மகன் கட்டிலருகே நின்றிருந்தார். அப்பாவின் கண் மூடுவதற்குள் ஒப்புக்கொடுத்துவிடு, அந்தச் சமாதானத்தோடு அவர் போகட்டும் என்று, உறவினர் எல்லார் முன்பும் நான் சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், முழங்காலிட்டார். அன்று மாலை என் மனைவியிடம் அதைப் பெருமையாகச் சொன்னேன். அடக்க ஆராதனைக்குப் பிறகு அவர் எந்தக் கோயில் வாசலையும் மிதிக்கவில்லை என்று பல ஆண்டுகள் கழித்து அவருடைய தங்கை சொன்னார். "அப்பாவை நான் வழியனுப்பவில்லை, அந்த ஐயர் சொன்னதைச் செய்துகொண்டிருந்தேன்" என்றாராம். இறந்துகொண்டிருந்த அப்பாவை நான் வண்டிச் சாவியாகப் பயன்படுத்தியிருந்தேன்.

ஆகவே முதல் வேலை, சாவியைத் திருப்பிக் கொடுப்பது. நிபந்தனை இல்லாமல், பிரசங்கம் இல்லாமல், "அப்பா கோபத்தில் எடுத்துவிட்டார், அது சரியில்லை" என்ற ஒரு வாக்கியத்தோடு. முடிந்தால் உங்கள் கணவர் கையாலேயே. அவருக்கு இது கடினமாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். கமிட்டி உறுப்பினரின் மகன் ஏழு மாதம் வரவில்லை என்றால் கோயில் வாசலில் என்னென்ன பேசுவார்கள் என்பதை 30 ஆண்டு ஊழியத்தில் நான் நிறையவே கேட்டிருக்கிறேன். தன் குடும்பத்தை நன்றாய் நடத்த அறியாதவன் தேவனுடைய சபையை எப்படி விசாரிப்பான் என்று தீமோத்தேயுவுக்கு எழுதப்பட்ட வசனத்தையும் யாராவது நினைவூட்டுவார்கள். அந்த வசனம் பிள்ளைகளின் கீழ்ப்படிதலைப் பற்றியது. கீழ்ப்படிதலையும் விசுவாசத்தையும் ஒன்றாக நினைத்ததுதான் இங்கே பிசகு. வீட்டுக்கு எத்தனை மணிக்குள் வர வேண்டும், பெரியவர்களிடம் எப்படிப் பேச வேண்டும், சாப்பாட்டுக்கு முன் மற்றவர்கள் ஜெபிக்கும்போது கைபேசியை வைத்துவிட்டு அமைதியாக இருக்க வேண்டும், பாட்டியைக் கோயிலில் கொண்டுபோய் விட வேண்டும் என்றெல்லாம் நீங்கள் தாராளமாகக் கேட்கலாம். அது மரியாதை, அதை எதிர்பார்க்கப் பெற்றோருக்கு உரிமையுண்டு. பாட வேண்டும், சாட்சி சொல்ல வேண்டும், திருவிருந்தில் பங்கெடுக்க வேண்டும் என்று மட்டும் கேட்கக் கூடாது. எந்த மனுஷனும் தன்னைத்தானே சோதித்தறிந்து இந்த அப்பத்தில் புசிக்க வேண்டும் என்கிறார் பவுல். சோதித்துப் பார்த்து, "இல்லை, என்னால் நேர்மையாக எடுக்க முடியாது" என்று விலகி நிற்கிற ஒருவர், பழக்கத்தினால் வரிசையில் நிற்கிற எங்களில் பலரைவிட அந்தப் பந்தியை அதிகமாக மதிக்கிறார் என்பது என் எண்ணம்.

காலையில் அனுப்பும் வசனத்தையும் சிறிது காலம் நிறுத்திவையுங்கள். வசனத்தில் குற்றமில்லை. ஆனால் தினமும் காலை ஆறரை மணிக்கு வருகிற வசனம், "நீ இன்னும் திருந்தவில்லை" என்ற செய்தியாகத்தான் அவருக்குப் போய்ச் சேர்கிறது. அதே நேரத்தில், "இன்றைக்கு லேப் உண்டா? சாப்பாடு கட்டட்டுமா?" என்று கேட்டுப் பாருங்கள்.

ஞாயிறு மதியச் சாப்பாட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். திருச்சபையின் பெரிய போதகரான அகஸ்தீனின் தாய் மோனிக்காவின் கதையை நீங்கள் ஞாயிறு பள்ளியில் சொல்லியிருப்பீர்கள். 354இல் பிறந்த அகஸ்தீன் இளவயதில், நன்மை தீமை என்ற இரண்டு சக்திகளை நம்பும் மானிகேயக் கொள்கையில் சேர்ந்தபோது, அந்தத் தாயும் முதலில் நீங்கள் செய்வதைத்தான் செய்தார்: மகன் தன்னோடு ஒரே வீட்டில் இருப்பதையும் ஒரே மேசையில் சாப்பிடுவதையும் அவரால் பொறுக்க முடியவில்லை. பிறகு ஒரு கனவில் ஆறுதல் கிடைத்து, மகனை மறுபடியும் தன் மேசைக்குச் சேர்த்துக்கொண்டார். அந்தக் காலத்தில்தான் ஓர் ஆயரிடம் போய், என் மகனோடு பேசி அவனுடைய தவறுகளை எடுத்துக்காட்டுங்கள் என்று மன்றாடினார். அந்த ஆயர் மறுத்துவிட்டார். அவனை அப்படியே விட்டுவிடுங்கள், அவனுக்காக ஜெபம் மட்டும் செய்யுங்கள், படிக்கப் படிக்க அவனே கண்டுகொள்வான் என்றார். தானும் சிறுவயதில் அந்தக் கூட்டத்தாரிடம் வளர்ந்து, யாரும் வாதாடாமலே விலகி வந்தவன் என்றும் சொன்னார். மோனிக்கா விடாமல் அழுதபோதுதான், சற்றுச் சலிப்போடு, இத்தனை கண்ணீருக்குப் பிறந்த மகன் அழிந்துபோக முடியாது, போய்வாருங்கள் என்றார். நம் மேடைகளில் இந்தக் கடைசி வாக்கியம் மட்டும்தான் முழங்குகிறது. "அவனை அப்படியே விட்டுவிடுங்கள்" என்ற முதல் வாக்கியத்தைச் சொல்ல நமக்கு வாய் வருவதில்லை. அகஸ்தீன் 387இல் மிலான் நகரில் ஞானஸ்நானம் பெற்றார். இடையில் எத்தனை ஆண்டுகள் என்பதையும், அவற்றில் ஒரு முறை தாயிடம் பொய் சொல்லிவிட்டு இரவோடு இரவாக ரோமாபுரிக்குக் கப்பலேறினார் என்பதையும் பிள்ளைகளுக்குச் சேர்த்தே சொல்லுங்கள்.

இப்படிப் பாதி வசனத்தை மட்டும் எடுத்துக்கொள்வது நம் வீடுகளில் பழகிப்போன ஒன்று. "நானும் என் வீட்டாருமோவென்றால், கர்த்தரையே சேவிப்போம்" என்ற பலகை உங்கள் வீட்டு வாசலிலும் தொங்கலாம். என் வீட்டிலும் தொங்குகிறது. யோசுவா 24இல் அந்த வாக்கியத்துக்கு முன்னால் வருவது, "யாரைச் சேவிப்பீர்கள் என்று இன்று தெரிந்துகொள்ளுங்கள்" என்பது. கர்த்தரைச் சேவிப்பது உங்களுக்கு ஆகாததாகத் தோன்றினால் வேறு யாரைச் சேவிப்பீர்கள் என்று நீங்களே முடிவு செய்யுங்கள் என்று, வாக்குத்தத்த நாட்டில் வந்து நிற்கிற ஒரு ஜனத்திடம் அவர்களுடைய தலைவன் கேட்கிறான். பலகை செய்கிறவர்கள் அந்தப் பாதியை அச்சடிப்பதில்லை. அதுபோலவே, பிள்ளையை நடக்கவேண்டிய வழியில் நடத்து, முதிர்வயதிலும் அதை விடாதிருப்பான் என்ற வசனம் நீதிமொழிகளில் இருக்கிறது. அது அனுபவத்தில் பழுத்த மொழி. அதை உத்தரவாதச் சீட்டாக நினைத்து, "நான் நடத்தினேனே, ஏன் விட்டான்?" என்று உங்களையே வதைத்துக்கொள்ளாதீர்கள். கடிதத்தில் நீங்கள் அப்படி எழுதவில்லை என்றாலும், 18 ஆண்டுகள் என்று எண்ணிக்கை போட்டு எழுதிய விதத்தில் அது எனக்குக் கேட்டது.

உங்கள் கணவர் வேதத்தை ஊன்றிப் படிப்பவராக இருந்தால், லூக்கா 14இல் விருந்துக்கு அழைக்கும் எஜமான் ஊழியக்காரனிடம் சொல்வதை எடுத்துக்காட்டக்கூடும். அதன் இலத்தீன் மொழிபெயர்ப்பில் "உள்ளே வரும்படி கட்டாயப்படுத்து" என்றே இருக்கிறது. வேதனை என்னவென்றால், அதே அகஸ்தீன், வட ஆப்பிரிக்காவின் ஹிப்போ நகரில் ஆயரான பிறகு, தொனாத்தியர் என்ற பிரிவினரைச் சபைக்குத் திருப்ப அரசின் தண்டனையைப் பயன்படுத்தலாம் என்பதற்கு இந்த வசனத்தைத்தான் மேற்கோள் காட்டினார். விசுவாசத்துக்கு யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்பதே முன்பு தம் கருத்தாக இருந்தது என்று அவரே ஒரு கடிதத்தில் ஒப்புக்கொள்கிறார். பின்வந்த நூற்றாண்டுகளில் கொடுமை செய்தவர்களுக்கு அவருடைய வாதம் கைகொடுத்தது. கத்தோலிக்கத் திருச்சபை 1965ஆம் ஆண்டு டிசம்பர் 7ஆம் நாள், இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில், மத விஷயத்தில் எவரையும் வற்புறுத்தலாகாது என்று தீர்க்கமாக அறிவிக்க அவ்வளவு காலம் ஆயிற்று. நம் தமிழ் வேதாகமத்தில் அந்த இடம் "வருந்திக் கூட்டிக்கொண்டுவா" என்று இருக்கிறது. கல்யாணப் பத்திரிகையோடு வீடு வீடாகப் போய், அவசியம் வரணும் என்று கையைப் பிடித்துக் கேட்கிறோமே, அந்த வருந்துதல். வருந்தி அழைத்த பின்பும் வராதவரின் வண்டியை யாரும் பிடுங்கிக்கொண்டு வருவதில்லை.

நாத்தனார் சொன்ன ஜெபக் குழுவை அழைக்காதீர்கள். அவர் அன்பினால் சொல்கிறார், சந்தேகமில்லை. ஆனால் ஒருவருடைய சம்மதமில்லாமல் அவர் தலையில் கை வைப்பது ஊழியம் அல்ல. நேர்மையாகப் பேசிய ஒரு பிள்ளையிடம், "இதைப் பேசுவது நீ அல்ல, உனக்குள் இருக்கும் பிசாசு" என்று சொல்வது, அவரிடம் மிச்சமிருக்கும் கடைசிப் பேச்சுவார்த்தையையும் அடைத்துவிடும். வேறொரு விதத்தில் அவரைக் கவனியுங்கள்: தூக்கம் கெட்டிருக்கிறதா, சாப்பாடு குறைந்திருக்கிறதா, வகுப்புக்குப் போகிறாரா, வாழ்வதில் அர்த்தமில்லை என்பதுபோல ஏதாவது சொல்கிறாரா? அப்படி ஏதாவது தெரிந்தால் ஜெபக் குழுவுக்காகவோ என் அடுத்த பதிலுக்காகவோ காத்திருக்காமல் மனநல மருத்துவரிடம் அழைத்துப்போங்கள்; 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

நம் ஊரில் இருந்துகொண்டு இயேசுவின் சீடரான தோமாவை நினைக்காமல் இந்தப் பேச்சை விட முடியாது. அவர் இங்கு வந்து பரங்கிமலையில் இரத்தசாட்சியாக மரித்தார் என்பது நம் மரபு. சின்னமலைக்கும் சாந்தோமுக்கும் நாம் போய்வருகிறோம். "அவருடைய கைகளில் ஆணிகளினாலுண்டான காயத்தைக் காணாவிட்டால் விசுவாசிக்கமாட்டேன்" என்று அவர் சொன்னதற்கும், உயிர்த்தெழுந்த ஆண்டவர் அவர் முன் வந்து நின்றதற்கும் நடுவே எட்டு நாட்கள் இருக்கின்றன. அந்த எட்டு நாளைப் பற்றி யோவான் எழுதியிருப்பது ஒரே வாக்கியம்: "தோமாவும் அவர்களுடனேகூட இருந்தான்." எத்தனையோ பிரசங்கங்களில் நான் இந்த வாக்கியத்தைத் தாண்டிப் போயிருக்கிறேன். மற்றப் பத்துப் பேரும் ஆண்டவரைக் கண்டவர்கள், நிச்சயமுள்ளவர்கள். தோமா, நம்ப மாட்டேன் என்று வெளிப்படையாகச் சொன்னவர். ஆனாலும் அதே அறையில், அதே பந்தியில் எட்டு நாள் இருந்திருக்கிறார். அவர்கள் அவரை வெளியே அனுப்பவில்லை; அவருக்கும் வெளியே போகத் தோன்றவில்லை. காயத்தைக் காட்ட வேண்டியது பத்துப் பேருடைய வேலை அல்ல. அதை ஆண்டவரே வந்து செய்தார். அவர் வரும்போது தோமா அந்த அறையில் இருக்கும்படி இடம் விட்டுவைத்தது மட்டுமே அவர்கள் செய்தது. உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை அந்த அறையாக இருக்க முடியுமா என்று பாருங்கள். ஞாயிறு காலை புறப்படும்போது, "வர்றியாப்பா?" என்று வேண்டுமானால் எப்போதாவது ஒரு முறை, சாதாரணக் குரலில் கேளுங்கள், இல்லை என்றால் சரி என்று போய்விடுங்கள். திரும்பி வந்து, அவருக்குப் பிடித்ததைச் சமைத்து, பேசிக்கொண்டே பரிமாறுங்கள்.

இதையெல்லாம் செய்தால் அவர் திரும்பி வந்துவிடுவாரா என்று கேட்பீர்கள். நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். வருத்தத்தோடு போய்விட்ட ஐசுவரியவானான வாலிபனை இயேசு பார்த்து அன்புகூர்ந்தார் என்று மாற்கு எழுதுகிறார். அவன் பின்னாலேயே ஓடினார் என்று எழுதவில்லை. அவன் திரும்பி வந்தானா என்றும் எழுதவில்லை.

இனி உங்கள் வீட்டுக்கு வரும் அந்தப் பெண்ணைப் பற்றி. இங்கே நீங்கள் தாய் அல்ல, சம்பளம் கொடுப்பவர்; ஆகவே கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும். அவருடைய விருப்பம் பொய்யென்று நினைக்க எந்தக் காரணமும் இல்லை. கடன்பட்டவருக்கும் ஆண்டவர்மேல் உண்மையான தாகம் உண்டாகலாம். வசதியுள்ளவர்களின் நம்பிக்கையை அப்படியே ஏற்றுக்கொண்டு, ஏழைகளின் நம்பிக்கையை மட்டும் "எதற்காகவோ" என்று சந்தேகிப்பது நம்மிடையே உள்ள ஒரு மோசமான பழக்கம். ஆனால் அந்தத் தாகம் உண்மையா என்று கண்டுபிடிக்கும் இடத்தில் நீங்கள் இருக்கக் கூடாது.

ஆகவே அவரிடம் உட்கார்ந்து, தெளிவாகச் சொல்லுங்கள்: முன்பணத்துக்கும் ஜெபத்துக்கும் சம்பந்தமில்லை, மகளின் கட்டணத்தை இந்த ஆண்டு முழுவதும், நீ கிறிஸ்தவளானாலும் ஆகாவிட்டாலும், ஏன், வேலையை விட்டே போனாலும், நான் கட்டுவேன். முன்பணத்தை எப்படிக் கழிப்பது என்பதை ஒரு தாளில் எழுதி இருவரும் வைத்துக்கொள்ளுங்கள். சொல்வதோடு நிற்காமல், குடும்ப ஜெபத்தின் நேரத்தை அவர் வேலைக்கு வருவதற்கு முன்னோ, போன பின்னோ மாற்றிவிடுங்கள். பெருக்கிக்கொண்டிருக்கும்போது வீட்டம்மா ஜெபத்துக்கு உட்கார்ந்தால், துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு வந்து உட்காராமல் இருக்க எத்தனை பேருக்குத் தைரியம் வரும்? மாற்றிய நேரத்துக்கும் அவர் தேடி வந்தால், அது வேறு கதை.

அடுத்து, அவரை உங்கள் சபைக்கே அழைத்துப்போகாதீர்கள். அவர் குடியிருக்கும் பகுதியில், உங்களையும் உங்கள் கணவரையும் அறியாத ஓர் ஆயரிடம் அவரே போய்ப் பேசட்டும். வைணவராகப் பிறந்த புலவர் எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை 1853இல் சாயர்புரத்தில் மிஷனரிகளின் பள்ளியில் தமிழாசிரியராகச் சேர்ந்தார். ஞானஸ்நானம் பெற்றது 1858இல், அதுவும் திருநெல்வேலியில் அல்ல, சென்னையில். இடைப்பட்ட ஐந்து ஆண்டுகள் தம் முடிவைத் தம்மிடமே வைத்திருந்திருக்கிறார். அவ்வளவு பெரிய புலவருக்கே ஐந்து ஆண்டுகள் தேவைப்பட்டன என்றால், இந்தப் பெண்ணுக்கு ஓர் ஆண்டாவது அவகாசம் வேண்டும் அல்லவா? கணவரிடமும் வீட்டாரிடமும் அவர் பேசிவிட்டாரா என்பதை அந்த ஆயர் கேட்பார். நீங்கள் கேட்க வேண்டாம்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 25ஆம் பிரிவு மதத்தைப் பரப்பும் உரிமையையும் தருகிறது. ஆனால் அது பிறரை மதம் மாற்றும் உரிமை ஆகாது என்று 1977இல் ஸ்டெனிஸ்லாஸ் வழக்கில் உச்சநீதிமன்றம் கூறியது. அந்தத் தீர்ப்பைப் பற்றிப் பல கருத்துகள் உண்டு. உங்கள் நிலையில் அது நல்ல எல்லைக்கோடுதான், ஏனென்றால் மாறும் முடிவு அவருடையது மட்டுமே. இன்னொன்றை நம்மில் பலர் பேசத் தயங்குகிறோம். அவர் எந்தச் சமூகத்தைச் சேர்ந்தவர் என்று நீங்கள் எழுதவில்லை. பட்டியல் சாதியைச் சேர்ந்தவராக இருந்தால், 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி, கிறிஸ்தவரானவர் அந்தத் தகுதியை இழக்கிறார். தமிழ்நாட்டில் அப்படி மாறியவர்கள் பிற்படுத்தப்பட்ட வகுப்பில் வைக்கப்படுகிறார்கள். இது நியாயமா என்ற வாதம் தனி. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. ஆனால் மகளின் படிப்பு, உதவித்தொகை என்று அது எங்கெல்லாம் தொடும் என்பதை ஒரு வழக்கறிஞரிடம் கேட்டு, ஞானஸ்நானத்துக்கு முன்பே அவர் அறிந்திருக்க வேண்டும். கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் உட்கார்ந்து செல்லுஞ்செலவைக் கணக்குப் பார்க்க வேண்டும் என்று சொன்னவர் ஆண்டவர்தான். செலவை மறைத்துவைத்துவிட்டுப் பெற்ற சம்மதத்தை யாரும் சம்மதம் என்று சொல்ல மாட்டார்கள்.

கடைசியாக, மகனுக்காக ஜெபிக்கிறேன் என்று அவரிடம் சொல்லலாமா என்று கேட்டீர்கள். சொல்லலாம், ஒரே ஒரு முறை. "நான் உனக்காக ஜெபிக்கிறேன், அதை என்னால் நிறுத்த முடியாது; ஆனால் அதற்காக நீ எதுவும் செய்ய வேண்டியதில்லை" என்று சொல்லிவிட்டு, அந்தப் பேச்சை அதோடு விட்டுவிடுங்கள். எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், எத்தனை நாள் உபவாசம் இருந்தீர்கள், எவ்வளவு அழுதீர்கள் என்பது அவருக்குத் தெரிய வேண்டாம். கண்ணீரும் கையில் பிடித்த சாவியாக ஆகிவிடும். முடிந்தால் இன்னொரு விண்ணப்பத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: இறந்துபோன அந்த நண்பனின் தாய்க்காக. அவர் உங்களுக்குப் பக்கத்திலேயே எங்கோ இருக்கிறார் என்று நினைக்கிறேன். ஒரு நாள் மாலை அவரைப் பார்க்கப் போவதாக இருந்தால், துணைக்கு வர முடியுமா என்று மகனிடம் கேளுங்கள். அவருடைய வண்டியிலேயே போய்வரலாம்.